கல்வராயன் சாரலில் ஒரு நெடுவோட்டம்

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் பேருந்தில் பயணம் செய்வோர், விடியற்காலை நாலரை மணியளவில் கள்ளக்குறிச்சியை நெருங்க நேரிட்டால், சாளரத்துக்கு வெளியே சிறிது உற்றுப் பார்க்க வேண்டும். இருள் கலையாத அந்நேரத்தில், ஊரை நோக்கி வரும் சாலைகளின் ஓரமாக இருவரும் மூவருமாக இளைஞர் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். சிலருடைய காலில் நல்ல காலணி இருக்கும். சிலர் வெறுங்காலுடன் ஓடுவர். இவர்களுள் மிகப் பலர் காவலர் பணிக்கான உடற்திறன் தேர்வுக்குத் தங்களை ஆயத்தம் செய்பவர்கள். ஆடவர் 1,500 மீட்டர் தொலைவை ஏழு நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது அத்தேர்வின் விதி. ஆகவே ஓட்டம் என்பது இவ்வட்டாரத்து இளைஞருக்குப் பொழுதுபோக்கு அன்று. வேலைக்கு அனுப்பும் விண்ணப்பத்தின் ஒரு பகுதியே அது.

அவர்களுக்கிடையே, கடந்த ஆவணி மாதம் முதல், ஏழு நிமிடத்தோடு நில்லாமல் ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என ஓடிக்கொண்டேயிருக்கும் ஒருவரை நாம் அறிவோம். நம் பங்கைச் சேர்ந்தவர். வயது இருபத்து நான்கு. நெல் அரவை ஆலையொன்றில் கணக்கெழுதுகிறார். காவலர் தேர்வை ஒருமுறை எழுதிப் பார்த்து, எழுத்துத் தேர்விலேயே நின்றுவிட்டவர். சென்னையில் அண்மை ஆண்டுகளில் சனவரித் தொடக்கத்தில் நடந்துவரும் மாரத்தான் ஓட்டத்தில் முழுத் தூரத்தையும் ஓடுவதென்று முடிவு செய்திருக்கிறார். முழுத் தூரம் என்பது 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஆகும். கள்ளக்குறிச்சியில் புறப்பட்டு, கச்சிராயபாளையம் கடந்து, கல்வராயன் மலையேறி வெள்ளிமலையை அடைவதற்கு ஏறத்தாழ நிகரான தொலைவு என்று சொன்னால் நம் பக்கத்து வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். பேருந்தில் சென்றாலே இடுப்பு நோகும் வழி அது.

எதற்காக இந்த முயற்சி என்று அவரை வினவினோம். அவர் சொன்ன காரணத்தை விளக்க, இவ்வூரைப் பற்றிச் சில சொற்கள் கூறியாக வேண்டும்.

கள்ளக்குறிச்சி பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த ஊர். பின்னர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. நெல் அரவை ஆலைகள் மிகுந்த ஊர். கரும்பும், மரவள்ளியும், மக்காச்சோளமும் இதன் சுற்றுப்புறத்தை நிறைத்திருக்கின்றன. கரும்பு வெட்டும் பருவம் வந்துவிட்டால் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொள்ளும். மேற்கே கல்வராயன் மலை நீல நிறமாய்ப் படுத்திருக்கும். இத்தனையும் இருந்தும், இவ்வூரின் பெயரை நாடு முழுவதும் அறிந்துகொண்டது 2024 ஜூன் மாதத்தில்தான். மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த நாட்களை நாம் இங்கு விரித்துரைக்க விரும்பவில்லை. எத்தனை வீடுகளில் ஒரே வாரத்தில் விளக்கேற்ற ஆளின்றிப் போயிற்று என்பதை அருகிருந்தோர் அறிவர். அதற்குப் பின், வெளியூரில் எவரேனும் "எந்த ஊர்?" என்று கேட்டு, "கள்ளக்குறிச்சி" என்று விடை சொன்னால், கேட்டவருடைய முகம் ஒரு கணம் மாறுகிறது. நாமே இதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

"சாமி, நம்ம ஊர்ப் பேரை மட்டும் சட்டையில் எழுதிக்கொண்டு ஓடப் போகிறேன். பார்க்கிறவர்கள் வேறு எதற்காகவாவது ஒருநாள் இந்தப் பேரைச் சொல்லட்டும்" என்றார் அந்த இளைஞர். தம் பெயரை இக்கட்டுரையில் எழுத வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டார். ஓடி முடித்தபின் எழுதலாமாம்.

மாரத்தான் என்னும் ஓட்டத்தின் வரலாறு பலருக்கும் தெரிந்ததே. 1896 ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் முதல் நவீன ஒலிம்பிக் போட்டிகள் நடந்தபோது, மாரத்தான் ஊரிலிருந்து ஏதென்சு வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஓட்டத்தில் வென்றவர் ஸ்பிரிடோன் லூயிஸ் என்பவர். அவர் ஊருக்குத் தண்ணீர் சுமந்து விற்கும் தொழிலாளி என்பது நமக்கு மிகப் பிடித்த செய்தி. இன்றுள்ள தூர அளவு 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பிறந்தது. 1921 இல் உறுதி செய்யப்பட்டது. நம் நாட்டவர் இதில் இறங்கியது நேற்று இன்று அன்று. பெல்காம் பகுதியைச் சேர்ந்த பதேப்பா சௌகுலே 1920 இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஓடிப் பத்தொன்பதாவதாக வந்தார். பீகாரைச் சேர்ந்த சிவநாத் சிங் 1976 இல் மாண்ட்ரியாலில் பதினோராவதாக வந்து, 1978 இல் சலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தார். அந்த இந்தியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எவராலும் முறியடிக்கப்படாமல் நின்றது. அவர் வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர்.

முதல் மாரத்தான் என்று பேசும்போது செக்கோசுலோவாக்கியா நாட்டு எமில் சாத்தோபெக்கை நினைக்காமல் இருக்க இயலாது. 1952 இல் ஹெல்சிங்கியில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வென்றபின், வாழ்நாளில் ஒருமுறைகூட ஓடிப் பார்த்திராத மாரத்தானிலும் இறங்கி, அதையும் வென்றார். இக்கதையைக் கேட்டு நம் இளைஞர் மிகவும் எழுச்சி கொண்டார். ஆனால் இஃது ஆபத்தான கதை. சாத்தோபெக் அதற்கு முன் பல்லாண்டுகள் ஓடி ஓடி உரமேறிய கால்களை உடையவர். நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதும் ஒருவருக்கு அவர் முன்மாதிரி ஆகமாட்டார்.

ஏனெனில் இவ்வோட்டத்தில் ஏறத்தாழ நாற்பதாயிரம் அடிகள் எடுத்து வைக்க வேண்டும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைப் போல் இரண்டு மடங்கு முதல் மூன்று மடங்கு வரையான தாக்குதலைத் தரையிலிருந்து கால் வாங்கிக்கொள்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒருவர் தம் ஒற்றைக் காலில் இரண்டு மூன்று நெல் மூட்டைகளை நாற்பதாயிரம் முறை ஏற்றி இறக்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாணும் அப்படியல்ல. அவை மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் உரமேறும். மூச்சு "இன்னும் ஓடு" என்னும். எலும்பு "போதும்" என்னும். முதன்முறை ஓடுவோர் பெரும்பாலும் மூச்சின் சொல்லைத்தான் கேட்கிறார்கள்.

நம் இளைஞர் தொடக்கத்தில் முறைப்படியே நடந்தார். செவ்வாயும் வியாழனும் குறுந்தூர ஓட்டம். வாரத்தில் ஒருநாள் நெடுந்தூர ஓட்டம். அதை வாரந்தோறும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போய், நான்காம் வாரத்தில் குறைத்து, உடலுக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது. பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியங்களாகப் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகாதிருப்பது. இவ்வளவும் சரியே.

நெடுந்தூர ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நடைபெற வேண்டும் என்று இப்பயிற்சி அட்டவணைகளை எழுதுவோர் எல்லாரும் ஏன் முடிவு செய்தார்களோ, நமக்குப் புரியவில்லை. பங்குத்தந்தை என்ற முறையில் இதில் நமக்கு ஒரு வழக்கு உண்டு. அவர் அதிகாலை மூன்று மணிக்கே புறப்பட்டு ஓடி முடித்துவிட்டு, ஏழரை மணித் திருப்பலிக்குக் கடைசி வரிசையில் கால்களை நீட்டியபடி அமர்ந்திருப்பார். முழந்தாளிட வேண்டிய இடங்களில் அவருடைய முகத்தைப் பார்த்தால், அன்று எத்தனை கிலோமீட்டர் ஓடினார் என்பதை நாம் பீடத்திலிருந்தே கணித்துவிடலாம்.

எட்டாவது வாரத்தில், ஐப்பசி மழை தொடங்கிய சமயம், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி கண்டது. முதலில் ஓடி முடித்தபின் வலித்தது. பிறகு ஓடும்போதே வலித்தது. பிறகு படியிறங்கும்போதும் வலித்தது. விரல் நுனியால் ஓரிடத்தை அழுத்தினால் அங்கே மட்டும் சுருக்கென்றது. மருத்துவர் பார்த்துவிட்டு, இப்படியே ஓடினால் எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும், மூன்று வாரம் தரையில் ஓடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சனவரிக்கு அப்போது பத்து வாரங்களே இருந்தன. அன்று மாலை அவர் நம் இல்லத் திண்ணையில் வந்து அமர்ந்தபோது ஒரு சொல்லும் பேசவில்லை.

இங்குதான் அவருடைய தாய்மாமன் கிணறு நம் கதைக்குள் வருகிறது.

ஊருக்கு மேற்கே, கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவே, சுமார் முப்பதடிச் சதுரத்தில் கற்கட்டு எழுப்பிய பெரிய பாசனக் கிணறு அது. கவலை இறைத்த காலத்துக் கற்றூண்கள் இரண்டு இன்னும் மேட்டில் நிற்கின்றன. சுவரிலிருந்து நீண்ட கற்களே படிகள். சித்திரை வைகாசியில் அடியில் ஒரு முழம் சேற்றுநீர் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்துவிட்டாலோ கையை நீட்டினால் தொடுமளவுக்கு நீர் மேலேறிவிடும். ஆவணியில் தொடங்கிச் சனவரியில் முடியும் இப்பயிற்சியின் கடினமான நடுப்பகுதியில்தான் நம் நாட்டுக் கிணறுகள் நிறைகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. நகரத்து நீச்சல் குளங்களைப் போல் அனுமதிச் சீட்டும் கட்டணமும் கேட்பவர் இங்கே இல்லை.

இவ்வட்டாரத்தார் நீச்சலைப் பள்ளியில் கற்றதில்லை. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைப் பிணைத்து, மேட்டிலிருந்து மாமனோ அண்ணனோ பிடித்துக்கொள்ளக் கற்றார்கள். பிற்காலத்தில் குடுக்கையின் இடத்தை லாரி டியூப் பிடித்துக்கொண்டது. உள்நீச்சல், மல்லாந்த நீச்சல், தவளை நீச்சல், செங்குத்தாகக் குதிக்கும் கடப்பாறை நீச்சல் என்று அவர்களுக்கென்று ஒரு பாடத்திட்டமே உண்டு. நம் இளைஞரும் இம்முறையில் தேறியவர்தாம். பயிற்சி தொடங்கிய நாள் முதலே, ஞாயிறு ஓட்டத்தின் அலுப்பைப் போக்கத் திங்கள் மாலையில் இக்கிணற்றில் இறங்குவார். அதை ஒரு குளியலாகவே கருதினார், பயிற்சியாகக் கருதவில்லை.

நீரில் இடுப்பளவு நின்றால் உடலின் எடையில் பாதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. மார்பளவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. கழுத்தளவில் பத்தில் ஒன்பது பங்கு. தரை தரும் அடி அங்கே இல்லை. அதேசமயம் எந்தப் பக்கம் அசைந்தாலும் நீர் எதிர்த்துத் தள்ளுகிறது; ஆகையால் தசைக்கும் இதயத்துக்கும் வேலை குறைவதில்லை. கையை வீசி நீந்தும்போது மூச்சை அடக்கி, அளந்து விடும் பழக்கமும் வருகிறது. ஓடுவோர் பலர் மேலெழுந்தவாரியாகவே மூச்சுவிடுகிறார்கள். நீரில் அப்படிச் செய்ய முடியாது.

ஆயினும் நீச்சல் ஓட்டத்துக்கு ஈடு என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். நீந்துவதில் பெரும்பகுதி தோளுக்கும் கைக்குமே வேலை. எலும்புக்கு உரம் ஏறுவது தரையில் மோதும்போதுதான். நீரில் மோதல் இல்லையாதலால் அவ்வுரமும் இல்லை. கணுக்கால் இறுகிப்போன ஓட்டக்காரர் நீரில் காலை உதைத்தால், மீனைப் போல் முன்னேறாமல் அம்மிக்கல்லைப் போல் பின்பக்கம் தாழ்ந்துவிடுவதையும் கண்டோம். அன்றியும் முப்பதடிக் கிணற்றில் நேராக நீந்த இடமில்லை. வட்டமிட்டே நீந்த வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றினால் ஒரு தோள் நோகும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை திசை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் செய்வது என்ன? கிணற்றிலேயே ஓடுவதுதான். இது வேடிக்கைப் பேச்சன்று. காயமுற்ற ஓட்டக்காரரை ஆழ்நீரில் நிறுத்தி, கால் தரையில் பாவாதபடி மிதவையொன்றை இடுப்பில் கட்டி, ஓடுவதுபோலவே கைகால்களை இயக்கச் செய்யும் முறை மேனாடுகளில் நெடுநாளாக உள்ளது. நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை இவ்வாறு நீரில் மட்டும் ஓடியவர்கள் தங்கள் ஓட்டத் திறனை ஏறக்குறைய இழக்காமல் வைத்துக்கொண்டார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓடாமலே இதயத்தைப் பழக்கத்தில் வைத்திருக்கலாம் என்பதற்கு அமெரிக்க வீராங்கனை ஜோன் பெனாய்ட்டும் ஒரு சான்று. 1984 இல், முழங்காலில் அறுவை மருத்துவம் நடந்து பதினேழு நாட்களே ஆன நிலையில் தம் நாட்டுத் தேர்வு ஓட்டத்தில் வென்று, அவ்வாண்டே லாஸ் ஏஞ்சல்சில் பெண்களுக்கென முதன்முதலாக நடந்த ஒலிம்பிக் மாரத்தானிலும் வெற்றி பெற்றார்.

இச்செய்தியை மாமனிடம் விளக்கினோம். அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறியபடி, "கிணத்துக்குள்ளே ஓடி எங்கே சாமி போய்ச் சேருவான்?" என்று கேட்டார். ஆனாலும் மறுநாளே சிறிய டியூப் ஒன்றைக் காற்றடைத்துக் கொண்டுவந்து, அதில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கற்றூணில் பிணைத்துவிட்டார். கயிறு இருப்பதால் ஓடுபவர் சுவரில் போய் முட்டமாட்டார். நடுக் கிணற்றிலேயே நின்று கால்களை இயக்கலாம். உடலைச் சற்றே முன்சாய்த்து, முழங்காலை உயர்த்தி, பாதத்தால் நீரைப் பின்னுக்கு வாரித் தள்ள வேண்டும். ஐந்து நிமிடம் மெதுவாக, இரண்டு நிமிடம் விரைவாக, ஒரு நிமிடம் ஓய்வு என்று மாற்றி மாற்றி நாற்பது நிமிடம். நீரில் நாடித்துடிப்பு தரையிலிருப்பதைவிட நிமிடத்துக்குப் பத்துக்கு மேல் குறைவாகவே காட்டும். அதைக் கண்டு உழைப்பு போதவில்லை என மயங்காமல், மூச்சு வாங்குவதையே அளவாகக் கொள்ள வேண்டும்.

மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து மாலைகள் இவ்வாறு நடந்தன. பக்கத்துக் கொல்லைச் சிறுவர்கள் கிணற்றுமேட்டில் வரிசையாக அமர்ந்து, "அண்ணா, எந்த ஊர் வந்திருக்கிறது?" என்று கேட்பார்கள். அவரும் மூச்சிரைத்துக்கொண்டே, "சின்னசேலம்... ஆத்தூர்..." என்று பதில் சொல்வார்.

நிற்க. இதைப் படிக்கும் பெற்றோருக்கும் இளைஞருக்கும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஆண்டுதோறும் 30,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கின்றனர். அவர்களுள் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. தனியாக ஒருபோதும் இறங்கலாகாது. மேட்டில் ஒருவர், கையில் கயிற்றுடன், கண்ணைக் கிணற்றிலேயே வைத்திருக்க வேண்டும். பம்பு செட் மோட்டாரை நிறுத்தி, மின்தொடர்பைத் துண்டித்த பின்பே நீரில் கால் வைக்க வேண்டும். ஈரக் கம்பியின் வழியே கசியும் மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. நெடுந்தூரம் ஓடிக் களைத்த அந்த மணியிலேயே குதிக்கக் கூடாது, தசைப்பிடிப்பு வரும். மது அருந்தியவரை நீர்நிலை அருகேயே விடலாகாது. கிணற்றுக்குப் பதிலாகக் கோமுகி அணையில் நீந்தலாமே என்று நம் இளைஞரின் தோழர் ஒருவர் யோசனை சொன்னார். கள்ளக்குறிச்சியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில், மலையடிவாரத்தில், 46 அடி கொள்ளளவு மட்டத்துடன் 1960-களில் கட்டப்பட்ட அவ்வணை கண்ணுக்கு அழகானது. அடியில் சேறும், முள்ளும், மதகருகே இழுப்பும் உள்ள நீர் அது. கரையிலிருந்து பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வது நன்று. மேகம், பெரியார் அருவிகளின் கீழுள்ள குட்டைகளுக்கும் இதுவே பொருந்தும்; மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குச் சொல்லிவிட்டு வருவதில்லை.

நான்காம் வாரத்தில் மருத்துவர் மெல்ல ஓட அனுமதித்தார். முதலில் பத்து நிமிட நடை, இரண்டு நிமிட ஓட்டம். இதற்குள் கரும்பு டிராக்டர்கள் சாலையை நிறைத்துவிட்டன. ஆகவே மண்பாதை தேடி, கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமையொன்றில் அவருடன் நாமும் கல்வராயன் மலைக்குப் பேருந்தேறினோம்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று பிரித்துச் சொல்வர். வளைந்து வளைந்து ஏறும் சாலையில் மூங்கிலும் கடுக்காய் மரங்களும் வரும். மேலே சென்றால் சாமையும் தினையும் விளையும் சரிவுகள். வெள்ளிமலை இங்குள்ள முக்கிய ஊர். அதை அடுத்துக் கரியாலூர். இங்கு வாழும் பழங்குடியினரை மலையாளிகள் என்பர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்வோர் என்பதே பொருள், பேச்சு தமிழே. இவர்கள் தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தாரர்களுக்குக் கட்டுப்பட்டிருந்தனர். 1976 இல்தான் அம்முறை ஒழிந்தது. நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து இம்மலைக்கு விடுதலை ஏறிவந்தது எனலாம். சாலையும் மருத்துவமும் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. 2024 இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு விசாரிக்கத் தொடங்கியதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

மலையில் பயிற்சி செய்தால் மெல்லிய காற்றினால் இரத்தம் வளம்பெறும் என்று நம் இளைஞர் எங்கோ கேட்டிருந்தார். அதற்கு இம்மலையின் உயரம் போதாது. கென்யா நாட்டு ஓட்டக்காரர் பயிலும் இட்டென் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில் உள்ளது. நம் நாட்டு நெடுந்தூர வீரர்கள் முகாமிட்டுப் பயின்ற உதகையும் 7,000 அடிக்கு மேற்பட்டது. கல்வராயனின் உயர்ந்த பகுதிகளே 4,000 அடியைச் சுற்றித்தான். இங்கே கிடைப்பது ஏற்றமும் இறக்கமும், மிருதுவான மண்ணும், வாகனமற்ற வழியும். கால் நொந்தவருக்கு அவையே பெரிது.

கரியாலூருக்கு அப்பால் ஒரு மண்பாதையில் அவர் மெதுவாக ஓட, நாம் பின்னே நடந்தோம். எதிரே வந்த முதியவர் ஒருவர் நின்று பார்த்தார். இளமையில் கடுக்காய் மூட்டையையும் புளி மூட்டையையும் தலையில் சுமந்து, விடியுமுன் இறங்கி, சந்தையில் விற்றுவிட்டு, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு இரவுக்குள் மலையேறித் திரும்பியவராம். "தம்பி எதற்கு ஓடுது சாமி? தலையிலே சுமையும் இல்லை, பின்னாலே துரத்துறவங்களும் இல்லையே!" என்று உண்மையான கவலையுடன் கேட்டார். விளக்கியபின், "நாற்பத்திரண்டு கிலோமீட்டரா? வெறுங்கையோடவா?" என்று சிரித்தார். பிறகு அவரே இறக்கத்தில் இறங்கிக் காட்டினார். முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, குறுகிய அடிகளாக, ஓசையே எழாமல் இறங்கினார். எழுபதைத் தாண்டியவர் என்று சொல்ல முடியாது.

"அடியை நீட்டி வைக்காதே தம்பி. காலை எறியக் கூடாது, வைக்கணும்" என்றார்.

"சரிங்க தாத்தா" என்று நம் இளைஞர் அப்படியே வைத்துப் பார்த்தார். உடலுக்கு முன்னே காலை வெகுதூரம் நீட்டி, குதிகாலால் தரையை இடித்து ஓடியதுதான் முன்னெலும்பு வலிக்குக் காரணமாயிருக்கக் கூடும் என்று மருத்துவர் சொன்னதும் இதையே. மருத்துவர் சொன்னபோது தலையாட்டியவர், பெரியவர் காட்டியபோதுதான் கற்றுக்கொண்டார். ஏற்றத்தைவிட இறக்கமே தொடைத் தசைகளை மிகுதியாக நோகச் செய்யும். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதே காரணம். மறுநாள் அவரால் நாற்காலியில் உட்கார்ந்து எழ முடியவில்லை. அன்று மாலை கிணறு மீண்டும் உதவிற்று.

உணவைப் பற்றியும் சிறிது. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். அறுபது கிலோ மனிதருக்கு முழு ஓட்டத்துக்கும் 2,500 கலோரி வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேமித்துள்ள சர்க்கரையோ 2,000 கலோரி அளவே. ஆகையால்தான் முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிப் பலரும் சுவரில் மோதியவர்போல் நின்றுவிடுகின்றனர். முன்னதாகவே, சிறிது சிறிதாக, இனிப்பானதைத் தின்றுகொண்டு ஓட வேண்டும்; அதையும் பயிற்சியிலேயே வயிற்றுக்குப் பழக்க வேண்டும். கடையில் விற்கும் பசைப் பொட்டலங்களை வாங்க இவரிடம் பணமில்லை. வாழைப்பழமும் வெல்லமும் பேரீச்சையும் கொண்டு ஓடுகிறார். ஓடி முடித்து வந்தால் அன்னை உப்பிட்ட நீராகாரத்தை நீட்டுகிறார். வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் கேடு. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 இல் பாஸ்டன் மாரத்தானில் ஓர் இளம்பெண் இவ்வாறே மாண்டார். தாகத்துக்குத் தக்கபடி, உப்புடன் சேர்த்து அருந்துவதே முறை.

இது எழுதப்படும் மார்கழித் தொடக்கத்தில், வலி திரும்பவில்லை. சென்ற ஞாயிறு முப்பது கிலோமீட்டரை மூன்றரை மணிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடித்திருக்கிறார். அன்று கடைசி வரிசையில் அவரைக் காணவில்லை. மாலைத் திருப்பலிக்கு வந்தார். முதன்முறை ஓடுவோர் பயிற்சியில் இதற்கு மேல் போகத் தேவையில்லை. மீதிப் பன்னிரண்டு கிலோமீட்டர் எப்படியிருக்கும் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நேரத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நிற்காமல் முடித்தால் போதும் என்கிறார். நடக்க நேர்ந்தாலும் குற்றமில்லை என்று நாம் சொன்னதற்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊரின் பெயர் அச்சிட்ட சட்டை வந்துவிட்டது. நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. எட்டு எழுத்துகளும் நெஞ்சில் அடங்காமல் விலாப்புறம் வரை ஓடுகின்றன. ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை இருள் பிரியுமுன்னே தொடங்கிவிடும் என்பதால், சென்னையில் அவர் தங்கப்போகும் உறவினர் வீட்டுக்கு அருகிலுள்ள கோவிலில் சனிக்கிழமை மாலைத் திருப்பலி உண்டா என்று விசாரித்து வைத்திருக்கிறோம். அதுவரை வாரந்தோறும் ஓட்டம் குறைந்துகொண்டே வரும். கிணறு மட்டும் வழக்கம்போல் இரண்டு மாலைகள். மாமன் மோட்டாரை நிறுத்தி, மின்பெட்டியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு, கயிற்றின் முனையைப் பிடித்தபடி மேட்டில் அமர்ந்திருப்பார்.